திரையில் பச்சை இரவு: ஒரு கண்ணா, இரு கண்ணா?

சென்ற பருவத்தில் எங்கள் கல்லூரி இயற்பியல் மன்றக் கூட்டம் ஒன்றை வழக்கத்துக்கு மாறாக நடத்தினோம். சொற்பொழிவு இல்லை. இரவுநோக்கிக் கருவிகள் இடம்பெறும் மூன்று ஆங்கிலப் படங்களிலிருந்து சில நிமிடக் காட்சிகளைப் போட்டுக் காட்டி, "இதில் இயற்பியல் எவ்வளவு, சினிமா எவ்வளவு?" என்று மாணவர்களைக் கேட்டோம். 1991-இல் வெளிவந்த 'தி சைலன்ஸ் ஆஃப் தி லேம்ப்ஸ்', 2012-இல் வந்த 'ஜீரோ டார்க் தர்ட்டி', 2015-இல் வந்த 'சிகாரியோ' ஆகியவையே அம்மூன்று படங்கள். மூன்றிலும் கண்ணில் கருவியை மாட்டிக்கொண்டு, கையில் துப்பாக்கியுடன், இருட்டில் ஆட்கள் நடக்கிறார்கள்.

காட்சிகள் முடிந்ததும் எழுந்த கேள்விகளில் இரண்டு என்னைச் சிந்திக்க வைத்தன. கடலோரக் காவல் படைத் தேர்வுக்குப் படித்துவரும் திருவொற்றியூர் மாணவர் ஒருவர், "சார், ரைபிளால் சுடுவதற்கு எது நல்லது? ஒரு கண்ணில் மட்டும் வைத்துக்கொள்ளும் கருவியா, இரு கண்ணிலும் மாட்டிக்கொள்வதா?" என்று கேட்டார். காசிமேட்டிலிருந்து வரும் மற்றொருவரின் கேள்வி வேறு: "எங்கள் சித்தப்பா படகுக்கென்று இரவு பைனாகுலர் ஒன்று வாங்கினார், சார். முழு இருளில் 300 மீட்டர் தெரியும் என்று அட்டைப்பெட்டியில் போட்டிருந்தது. கடலில் ஒன்றும் தெரியவில்லை. படத்தில் மட்டும் எப்படி அவ்வளவு நன்றாகத் தெரிகிறது?"

இந்த இரு கேள்விகளையும் உரைகல்லாக வைத்து அப்படங்களை உரசிப் பார்ப்பதே இக்கட்டுரையின் நோக்கம்.

இருளிலும் எத்தனை வகை

நாம் இருள் என்று ஒரே சொல்லால் குறிப்பிடுவது உண்மையில் பலவகைப்பட்டது. உச்சி வெயிலில் தரையில் விழும் ஒளி ஏறக்குறைய 1,00,000 லக்ஸ். பௌர்ணமி நிலவில் அது கால் லக்ஸ் அளவுக்குக் குறைகிறது. நிலவில்லாத, மேகமற்ற இரவில் விண்மீன்களும் வானமும் தருவது சுமார் 0.001 லக்ஸ். அமாவாசை இரவுகூட முழு இருளன்று என்பதை இதிலிருந்து அறியலாம்.

குறைந்த ஒளியில் நமக்குக் கைகொடுப்பவை விழித்திரையிலுள்ள கோல் செல்கள். இவை முழுத்திறனுடன் செயல்படச் சுமார் அரை மணி நேரம் இருட்டில் பழக வேண்டும். விழித்திரையின் நட்ட நடுவில் கோல் செல்களே இல்லை. எனவே இரவில் மங்கலான விண்மீனை நேராகப் பார்த்தால் மறைந்துவிடும். சற்றே ஓரமாகப் பார்த்தால் தெரியும். குறி பார்க்க நாம் பயன்படுத்துவதோ அந்த நடுப்பகுதியைத்தான். ஆகவே வெறுங்கண்ணால் இரவில் குறி பார்ப்பது இயற்கையே தடுத்துவைத்த செயல் எனலாம்.

இக்குறையை ஒளிபெருக்கிக் குழாய் நீக்குகிறது. முன்வில்லை திரட்டும் ஒளி ஒரு மெல்லிய படலத்தில் விழுந்து எலெக்ட்ரான்களை வெளியேற்றுகிறது; நீங்கள் பாடத்தில் படித்த ஒளிமின் விளைவுதான் இது. அந்த எலெக்ட்ரான்கள், தலைமுடியைவிட மெல்லிய துளைகள் பல லட்சம் கொண்ட ஒரு கண்ணாடித் தட்டின் வழியே பாய்கின்றன. துளைச் சுவரில் மோதி மோதி ஒன்று பலவாகப் பெருகி, இறுதியில் ஒளிர்திரையில் விழுந்து படமாகின்றன. பழைய குழாய்களில் அப்படம் பச்சை. நம் கண் பச்சை நிறத்துக்கு அருகில்தான் மிகுந்த கூருணர்வு உடையது என்பதால் அந்நிறம் தேர்ந்தெடுக்கப்பட்டது. இன்று வெண்ணிறத் திரைகளும் உள்ளன.

இங்கே ஒன்றைக் கவனிக்க வேண்டும். குழாய் ஒளியைப் பெருக்குகிறது, படைப்பதில்லை. சுழியத்தை எந்த எண்ணால் பெருக்கினாலும் சுழியம்தான்.

இந்த உரைகல்லில் 'தி சைலன்ஸ் ஆஃப் தி லேம்ப்ஸ்' படத்தின் புகழ்பெற்ற நிலவறைக் காட்சியை உரசுவோம். விளக்கணைந்த நிலவறையில் கதாநாயகி தட்டுத் தடுமாறி நடக்கிறாள். கருவி அணிந்த கொலைகாரன் அவளைப் பின்தொடர்கிறான். மூடிய நிலவறையில் விண்மீன் ஒளி ஏது? கருவியில் அகச்சிவப்பு விளக்கு இணைந்திருந்தால் மட்டுமே இது நடக்கும். மற்றொன்று: அவன் கையை நீட்டி அவளைத் தொடும் அளவுக்கு நெருங்குகிறான். தொலைவுக்குக் குவியம் வைத்த வில்லையில் கையெட்டும் தூரத்திலுள்ள முகம் மங்கிப்போகும். அருகுக்கு வைத்தால் தொலைவு மங்கும். படத்திலோ அருகும் தொலைவும் ஒருசேரத் தெளிவு. எனினும் இக்காட்சிக்கு ஒரு பெருமை உண்டு. கருவி பார்வையைத்தான் தந்தது, வெற்றியைத் தரவில்லை. துப்பாக்கியின் சுத்தியல் இழுபடும் ஓசையைக் கேட்டு அவள் திரும்பிச் சுடுகிறாள். இருளில் காதும் ஒரு கருவி என்பதை மறவாத காட்சி இது.

காசிமேட்டுச் சித்தப்பாவின் கருவியிலும் இதே அகச்சிவப்பு விளக்குதான் உண்டு. மலிவான கருவிகள் பலவற்றில் ஒளிபெருக்கிக் குழாயே கிடையாது. சாதாரண மின்னணுக் காமிராவும் அகச்சிவப்பு விளக்கும் மட்டுமே இருக்கும். விளக்கொளி விரிந்து போகும்போது தூரத்தின் வர்க்கத்துக்கு ஏற்பக் குறைகிறது. சிறு பொருளின்மேல் பட்டுத் திரும்பும்போது மீண்டும் அவ்வாறே குறைகிறது. ஆகவே தூரம் இரு மடங்கானால் திரும்பி வரும் ஒளி பதினாறில் ஒரு பங்கு. வீட்டுக் கூடத்தில் எதிர்ச் சுவர் பளிச்சென்று தெரியும். கடலில் எதிர்ச் சுவர் இல்லை. ஈரக் காற்றும் அலைத்திவலையும்தான் உண்டு. அவை விளக்கொளியைக் கண்ணுக்கே திருப்பி அனுப்பித் திரையை வெளுக்கச் செய்கின்றன.

எம்டன் கற்பித்த பாடம்

ஒளியைப் பாய்ச்சிப் பார்ப்பதில் இன்னொரு குறை உண்டு. அதை விளக்க வெளிநாட்டுக்குப் போக வேண்டியதில்லை. 1914-ஆம் ஆண்டு செப்டம்பர் 22-ஆம் நாள் இரவு ஒன்பதரை மணியளவில் ஜெர்மானியப் போர்க்கப்பல் எம்டன் சென்னைத் துறைமுகத்துக்கு வெளியே வந்து நின்றது. தலைவர் கார்ல் ஃபான் முல்லர், சுமார் 3,000 கஜ தூரத்தில் கப்பலின் தேடொளி விளக்குகளைப் போடச் செய்தார். பர்மா ஆயில் கம்பெனியின் எண்ணெய்த் தொட்டிகள் வெளிச்சத்தில் தெரிந்தன. நூற்றுக்கும் மேற்பட்ட குண்டுகள் பாய்ந்தன. தொட்டிகள் பற்றி எரிந்தன. கரையிலிருந்த பீரங்கிகள் பதிலுக்குச் சில குண்டுகளே சுட்டன. ஒன்றும் கப்பலைத் தாக்கவில்லை. அதன்பின் 'எம்டன்' என்பது தமிழில் கெட்டிக்கார எமகாதகனுக்குப் பெயராகிவிட்டது.

முல்லரின் துணிச்சல் ஒரு கணக்கின்மேல் நின்றது. விளக்கைப் போட்டவுடன் இலக்கு தனக்குத் தெரியும். ஆனால் தானும் ஊருக்கே தெரிவோம். ஆகவே வேலையை விரைவாக முடித்து, விளக்கை அணைத்து ஓட வேண்டும். இன்றைய அகச்சிவப்பு விளக்குக்கும் இதே கணக்குத்தான். எதிரியிடமும் இரவுநோக்கி இருந்தால் உங்கள் விளக்கு அவனுக்குக் கலங்கரை விளக்கம்.

அன்று சென்னை விளக்குகளை மறைக்காமல் இருந்தது. இன்றும் வடசென்னையின் இரவு கறுப்பு இரவன்று. துறைமுகத்தின் உயர்கம்ப விளக்குகள், மணலிச் சுத்திகரிப்பு ஆலையின் சுடர், எண்ணூரின் மின் விளக்குகள், நங்கூரமிட்டு நிற்கும் கப்பல்கள் எனக் கரை நெடுக ஒளிதான். ஒளிபெருக்கிக் குழாயில் கூரிய விளக்கு ஒவ்வொன்றும் தன்னைச் சுற்றி ஓர் ஒளிவட்டம் போட்டுக்கொள்ளும். கரையிலிருந்து கடலைப் பார்ப்பவனுக்கு இது தொல்லையில்லை. கடலிலிருந்து கரையைப் பார்ப்பவனுக்கோ, விளக்குக்கு முன்னால் நிற்கும் சிறு படகு வட்டத்துக்குள் ஒளிந்துகொள்ளும். ஒரே கருவி, ஒரே இரவு, திசை மாறினால் பயன் மாறுகிறது. எந்தத் திரைப்படமும் இதைக் காட்டி நான் பார்த்ததில்லை.

கண் இரண்டு, குழாய் எத்தனை?

இனி திருவொற்றியூர் மாணவரின் கேள்விக்கு வருவோம். கடையில் இரண்டாகத் தெரியும் கருவிகள் உண்மையில் மூன்று வகை. முதலாவது, ஒரு கண்ணுக்கு ஒரு குழாய். இரண்டாவது, இரு கண்களுக்கும் கண்வில்லை உண்டு. ஆனால் உள்ளே குழாய் ஒன்றே. ஒரே படத்தை இரண்டாகப் பிரித்து இரு கண்களுக்கும் தருகிறது. மூன்றாவது, கண்ணுக்கொன்றாக இரண்டு குழாய்கள்.

இரண்டாவது வகையில்தான் பலர் ஏமாறுகிறார்கள். இரு கண்களாலும் பார்க்கிறோம் என்ற வசதி உண்டு; ஆனால் இரு கண்ணுக்கும் ஒரே படம் என்பதால் ஆழம் தெரியாது. படிக்கட்டில் கால் வைக்கும்போதுதான் உண்மை விளங்கும்.

மூன்றாவது வகை ஆழத்தைக் காட்டும். ஆனால் எவ்வளவு தூரம் வரை? கண்களுக்கிடையே இடைவெளி 65 மி.மீ. கருவி வழியே ஒரு கோணத் துளி அளவு வேறுபாட்டை, அதாவது ஒரு டிகிரியில் அறுபதில் ஒரு பங்கை, உணர முடிகிறது என்று வைத்துக்கொள்வோம். அது 0.0003 ரேடியன். தூரத்தின் வர்க்கத்தை இக்கோணத்தால் பெருக்கி, கண் இடைவெளியால் வகுத்தால் ஆழத்தில் நேரும் பிழை கிடைக்கும். 5 மீட்டரில் பிழை 12 செ.மீ.; 100 மீட்டரிலோ 46 மீட்டர்! எனவே இரட்டைக் குழாய் நடப்பதற்கும், ஏறுவதற்கும், படகோட்டுவதற்கும் உதவும். தொலைவிலுள்ள இலக்கின் தூரத்தை அது சொல்லாது. இரு குழாய்களின் இரைச்சலும் ஒன்றையொன்று ஓரளவு சமன் செய்வதால் படம் சற்றுத் தெளிவாகும். அந்த ஆதாயம் ஏறக்குறைய 1.4 மடங்கு, அவ்வளவே. இதற்கு விலையும், கழுத்தில் ஏறும் பாரமும் கூடுகின்றன.

ஒற்றைக் குழாய்க்கு வேறு சிறப்பு உண்டு. மற்றக் கண் இருளுக்குப் பழகியபடியே இருக்கும், ஓரப்பார்வையும் கெடாது. சாதாரணக் கருவியின் காட்சிப்புலம் 40 டிகிரிதான். நம் இரு கண்களின் பார்வையோ 180 டிகிரியைத் தாண்டும். ஒரு கண்ணுக்கு ஒளிமிக்க படம், மறு கண்ணுக்கு இருள் என்ற முரண்பாட்டால் சிலருக்குத் தலைவலி வருவதுண்டு. அது பழக்கத்தால் குறையும்.

'ஜீரோ டார்க் தர்ட்டி' இவ்வகையில் மூன்றில் சிறந்த படம். 2011 மே 2-ஆம் நாள் அபோட்டாபாத்தில் நடந்த தாக்குதலைச் சித்திரிக்கும் படம் இது. மறுநாள் அமாவாசை, நிலவற்ற இரவு. ஒளிப்பதிவாளர் கிரெய்க் ஃப்ரேசர் உண்மையான இரவுநோக்கிக் குழாய்களைக் காமிராவில் பொருத்தி எடுத்தார். அதனால் படத்தில் மணல் தூவியது போன்ற இரைச்சலும், நிறமற்ற மங்கலும் உள்ளன. வீரர்கள் அணிந்துள்ள நான்கு குழாய்க் கருவி, காட்சிப்புலத்தை 97 டிகிரியாக விரிப்பது. கருவி வழியே தெரிவதையும் வெறுங்கண்ணுக்குத் தெரிவதையும் மாற்றி மாற்றிக் காட்டியதில் இயக்குநர் கேத்ரின் பிகலோவின் நேர்மை தெரிகிறது. நம் படங்களில் பலவும் இன்னும் பச்சை வடிகட்டி போட்டால் இரவாகிவிட்டது என்று எண்ணுகின்றன. பகலில் எடுத்து நீல வடிகட்டியால் நிலவொளியாக்கிய பழைய தந்திரத்தின் பேரப்பிள்ளை அது.

குறி பார்ப்பது வேறு வேலை

ரைபிளின் பின்குறி, முன்குறி, இலக்கு மூன்றையும் ஒரே கோட்டில் கொண்டுவருவதே குறி பார்த்தல். இதற்கு ஒரு கண் போதும். போட்டிகளில் சுடுவோர் மறு கண்ணை இறுக மூடுவதில்லை. முகத்தசை இழுபடாமலிருக்க இரண்டையும் திறந்து வைத்து, ஒன்றின் முன் சிறு மறைப்பு வைத்துக்கொள்கிறார்கள். அது 30 மி.மீ. அகலத்தைத் தாண்டக்கூடாது என்பது பன்னாட்டு விதி.

தலையில் அணிந்த இரவுநோக்கி வழியே இந்தக் குறிகளைப் பார்க்க முடியுமா? கணக்குப் போடுவோம். கருவியின் முன்வில்லை விட்டம் ஏறக்குறைய 22 மி.மீ. தொலைவுக்குக் குவியம் வைத்த வில்லையில், 60 செ.மீ. தூரத்திலுள்ள முன்குறி 22/600, அதாவது 0.037 ரேடியன் அளவுக்கு மங்கும். முன்குறியின் அகலம் 2 மி.மீ. என்றால், கண்ணில் அது தாங்கும் கோணம் 0.0033 ரேடியன். தன் அகலத்தைப் போல் பதினொரு மடங்கு மங்கிய குறி கண்ணுக்கே தெரியாது! பகலில் நம் கண்மணியின் விட்டம் 2 மி.மீ. அளவே ஆதலால் இந்தத் தொல்லை இல்லை. தவிர, கருவி முகத்துக்கு முன்னால் நீட்டிக்கொண்டிருப்பதால் கன்னத்தைத் துப்பாக்கிக் கட்டையில் பதிப்பதும் கடினம்.

இதற்கு மூன்று தீர்வுகள் உண்டு. ஒன்று, ரைபிளில் அகச்சிவப்பு லேசர் பொருத்துவது. பச்சைக் காட்சியில் இலக்கின்மேல் புள்ளி தெரியும். குறியைக் கண்ணருகே கொண்டுவரவே வேண்டாம். 'ஜீரோ டார்க் தர்ட்டி'யில் அந்த லேசர் கோடுகளைக் காணலாம். ஆனால் எம்டனின் பாடம் இதற்கும் பொருந்தும். இரண்டு, புள்ளிக்குறி. இதில் ஒளிப்புள்ளியின் கதிர்கள் இணைகதிர்களாக வருவதால் அது வெகு தொலைவில் இருப்பதுபோல் தெரிகிறது. தொலைவுக்குக் குவியம் வைத்த இரவுநோக்கியிலும் மங்காது. ஒற்றைக்குழாய் இதனுடன் நன்கு இசையும். மூன்று, உருப்பெருக்கத்துடன் கூடிய இரவுநோக்கியை ரைபிளின் மேலேயே பொருத்துவது.

'சிகாரியோ'வின் சுரங்கக் காட்சியில் ஒளிபெருக்கிப் படமும் வெப்பப் படமும் மாறி மாறி வருகின்றன. முன்னது பட்டுத் திரும்பும் ஒளி. பின்னது பொருள் தானே உமிழும் கதிர். மனித உடல் மிகுதியாக உமிழ்வது 9 மைக்ரான் அலைநீளத்தை ஒட்டி. விண்மீன் ஒளி புகாத சுரங்கத்தில் வெப்பநோக்கியே இயல்பான தேர்வு. இவ்வளவும் சரி. ஆனால் வெப்பப் படத்தில் மனிதன் பளிச்சென்று எழும்போது பார்ப்பவர் மனத்தில் ஒரு தவறான நம்பிக்கையும் எழுகிறது. தெரிந்துவிட்டான், எனவே சுடலாம் என்பதே அது.

தெரிவதும் அறிவதும்

1958-இல் அமெரிக்க ராணுவ ஆய்வுக்கூடத்தைச் சேர்ந்த ஜான் ஜான்சன் என்பவர் இதை அளந்து பார்த்தார். ஏதோ இருக்கிறது என்று கண்டறிய, அப்பொருளின் குறுக்களவில் ஒரு கறுப்பு-வெள்ளைக் கோட்டு இணையைப் பிரித்துக் காட்டும் திறன் கருவிக்குப் போதும். அது எந்த வகைப் பொருள் என்று சொல்ல 4 இணைகள் தேவை. இன்னது என்றே அடையாளம் காண 6.4 இணைகள் தேவை. அதுவும் பாதிக்குப் பாதி வாய்ப்புத்தான்.

விண்மீன் ஒளியில் நம் கருவி 1,000 மீட்டர் தூரத்தில் 1 மீட்டர் அகலமுள்ள கோட்டு இணையைப் பிரித்துக் காட்டுகிறது என்று கொள்வோம். மனிதனின் குறுக்களவு அரை மீட்டர். அப்படியானால் 500 மீட்டரில் அவன் ஏதோ ஒரு புள்ளி. அது மனிதன் என்று தெரிய 125 மீட்டருக்கு வர வேண்டும். அவன் யார், கையிலிருப்பது துடுப்பா துப்பாக்கியா என்று அறிய 78 மீட்டருக்கு வர வேண்டும். நம் ராணுவத்தில் பல்லாண்டுகள் பயன்பட்ட இன்சாஸ் ரைபிளின் பயனுறு வீச்சு 400 மீட்டர். ஆக, குண்டு எட்டும்; அறிவு எட்டாது. இந்த இடைவெளியைத்தான் திரைப்படம் மறைக்கிறது. திரையில் எதிரி எப்போதும் எதிரியாகவே தெரிகிறான். யார் எவர் என்று கதாசிரியர் நமக்கு முன்பே சொல்லிவிட்டார் அல்லவா?

இது வெறும் ஏட்டுக் கணக்கன்று. 2012 பிப்ரவரி 15-ஆம் நாள் கேரளக் கரைக்கு அப்பால் 'என்ரிகா லெக்ஸி' என்ற இத்தாலியக் கப்பலின் காவல் வீரர்கள், கடற்கொள்ளையர் என்று கருதிச் சுட்டதில் 'செயின்ட் ஆன்டனி' படகிலிருந்த இரு மீனவர்கள் மாண்டனர். ஒருவர் தமிழர். அதே ஆண்டு ஜூலை 16-ஆம் நாள் துபாய் அருகே அமெரிக்கக் கடற்படைக் கப்பல் 'ராப்பஹானக்' சுட்டதில் ராமநாதபுரம் மாவட்ட மீனவர் ஒருவர் இறந்தார். இரண்டும் பகலில் நடந்தவை. பகலிலேயே இப்படியென்றால், மணல் தூவிய பச்சைப் படத்தில் தெரியும் ஒரு படகைப் பற்றி எவ்வளவு நிதானம் வேண்டும்!

மூன்று மடங்கு உருப்பெருக்கம் வைத்தால் 78 மீட்டர் 234 மீட்டராக உயரும் என்பது உண்மையே. ஆனால் காட்சிப்புலம் 40 டிகிரியிலிருந்து சுமார் 13 டிகிரியாகச் சுருங்கும். அதோடு, அக்கருவி ரைபிளின்மேல் மட்டும் இருந்தால், யாரென்று பார்ப்பதற்கே அவரை நோக்கித் துப்பாக்கியை நீட்ட வேண்டிவரும். பார்க்கும் கருவியும் சுடும் கருவியும் தனித்தனியே இருக்க வேண்டும் என்பதற்கு இதைவிட வலுவான காரணம் வேண்டியதில்லை.

ஆகவே திருவொற்றியூர் மாணவருக்கு என் விடை இது: நடக்கவும் சுற்றிப் பார்க்கவும் இரட்டைக் குழாய் மேலானது. குறிக்கு ரைபிளில் தனியாகப் புள்ளிக்குறியோ இரவுக்குறியோ வேண்டும். ஒன்றே ஒன்றுதான் கிடைக்கும் என்றால் ஒற்றைக் குழாயைத் தேர்ந்தெடுக்கலாம். தலையிலும் மாட்டலாம், கையிலும் பிடித்துப் பார்க்கலாம், துப்பாக்கியைத் தொடாமலே யாரென்று அறியலாம். ஒரு குழாயை இரு கண்ணுக்குப் பங்கிடும் நடுவகையை நான் பரிந்துரைக்க மாட்டேன். வேட்டைக்கு என்று கேட்பவர்களுக்கு விடை இன்னும் எளிது: வன உயிரினப் பாதுகாப்புச் சட்டத்தின்படி இன்று நம் நாட்டில் பொழுதுபோக்கு வேட்டைக்கே இடமில்லை.

காசிமேட்டுச் சித்தப்பாவுக்கு மின்கலமே வேண்டாத கருவி ஒன்று உண்டு. '7×50' என்று குறியிட்ட சாதாரண பைனாகுலர்தான் அது. 50-ஐ 7-ஆல் வகுத்தால் ஏறக்குறைய 7 மி.மீ.; இருளில் விரிந்த கண்மணியின் விட்டமும் அதுவே. திரட்டிய ஒளி முழுவதும் கண்ணுக்குள் போகும். கப்பல்களில் இன்றும் அதை வைத்திருப்பது இதனால்தான். அடுத்த அமாவாசையன்று, விளக்கு குறைந்த கரையோரத்தில் பெரியவர் ஒருவரின் துணையுடன் அரை மணி நேரம் கண்ணை இருளுக்குப் பழக்கிவிட்டு, தொலைவிலுள்ள ஒரு படகை வெறுங்கண்ணாலும் பின்பு 7×50 வழியாகவும் பாருங்கள். படகு தெரிந்தது எப்போது, அதில் எத்தனை பேர் என்று சொல்ல முடிந்தது எப்போது என்று குறித்துக்கொள்ளுங்கள். இவ்விரண்டு நேரங்களுக்கும் இடையிலுள்ள வேறுபாடே ஜான்சன் அளந்தது.